இரண்டாம் விதிவிலக்கு: திருமண வல்லுறவும் இந்தியச் சட்டமும்

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, வல்லுறவு என்னும் குற்றம் எவ்வெவ்வாறு நிகழும் என்பதை விரிவாக வகுத்துக் கூறிவிட்டு, இறுதியில் இரண்டு விதிவிலக்குகளைச் சேர்க்கிறது. மருத்துவத்தின் பொருட்டுச் செய்யப்படும் செயல்களைக் குற்றத்திலிருந்து நீக்குவது முதலாவது. பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் அவளுடைய கணவன் நடத்தும் உடலுறவும் பிற பாலியல் செயல்களும் வல்லுறவு ஆகமாட்டா என்பது இரண்டாவது. மனைவி இசைந்தாளா, மிரட்டப்பட்டாளா, காயமுற்றாளா, நோயில் கிடந்தாளா என்னும் கேள்விகளில் ஒன்றுகூட இந்த இரண்டாம் விதிவிலக்கின் முன் எழுவதில்லை. செய்தவன் கணவன் என்பது உறுதியானால் வல்லுறவுக் குற்றத்தைப் பற்றிய விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. கணவன் மனைவியின் இசைவின்றி வலிந்து கொள்ளும் பாலுறவே திருமண வல்லுறவு எனப்படுகிறது. அது குற்றமாக ஏற்கப்பட வேண்டும் என்பதும், அந்த ஏற்பு பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உண்மையான பாதுகாப்போடு சேர்ந்தே வர வேண்டும் என்பதும் இவ்வுரையில் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

இவ்விதிவிலக்கு இந்திய மரபின் விளைச்சல் என்று கருதுவோர் பலர். அதன் பிறப்பிடம் இங்கிலாந்து. அந்நாட்டின் தலைமை நீதிபதியாக விளங்கி 1676-இல் மறைந்த சர் மேத்யூ ஹேல் எழுதிவைத்த குற்றவியல் சட்ட நூல் அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1736-இல் அச்சேறியது. திருமணத்தின்போது அளித்த இசைவின் வழியாக மனைவி தன்னைக் கணவனிடம் ஒப்படைத்துவிடுகிறாள், அந்த இசைவை அவள் பின்னர் திரும்பப் பெற இயலாது, ஆகவே கணவன் தன் மனைவியை வல்லுறவு செய்த குற்றவாளியாக முடியாது என்பது அந்நூலில் அவர் எழுதிய கருத்து. இதற்கு ஆதாரமாக எந்தத் தீர்ப்பையும் எந்தச் சட்டத்தையும் அவர் காட்டவில்லை. திருமணமான பெண்ணுக்குத் தனியான சட்ட ஆளுமை கிடையாது, அவளுடைய உரிமைகள் யாவும் கணவனுக்குள் அடங்கிவிடும் என்ற அக்கால ஆங்கிலக் கோட்பாடே அக்கருத்துக்கு நிலைக்களனாக இருந்தது. ஆதாரமற்ற அந்த ஒரு வாக்கியம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் பல நாடுகளின் நீதிமன்றங்களை ஆண்டது என்பது சட்ட வரலாற்றில் மிகுந்த வேதனை தரும் செய்திகளுள் ஒன்று.

இந்தியாவில் மெக்காலே தலைமையிலான முதலாவது சட்ட ஆணையம் 1837-இல் உருவாக்கிய தண்டனைச் சட்ட வரைவில், தன் மனைவியோடு ஒருவன் கொள்ளும் உறவு எந்நிலையிலும் வல்லுறவு ஆகாது என்றே எழுதப்பட்டிருந்தது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது மனைவிக்குப் பத்து வயது என்ற வரம்பு சேர்க்கப்பட்டது. அந்த வரம்பின் பொருள் என்ன என்பதை 1890-இல் கல்கத்தாவில் நடந்த ஃபூல்மணி தாசி வழக்கு நாட்டுக்கு உணர்த்தியது. பத்து வயதைக் கடந்திருந்த அச்சிறுமி, தன்னைவிடப் பல வயது மூத்த கணவன் வலிந்து கொண்ட உறவால் குருதி பெருகி இறந்தாள். பத்து வயதைத் தாண்டிவிட்டாள் என்ற ஒரே காரணத்தால் கணவன்மீது வல்லுறவுக் குற்றம் சாட்டச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி நடந்து கொடுங்காயம் விளைத்தான் என்ற சிறிய குற்றத்துக்காக அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவ்வழக்கு எழுப்பிய கொந்தளிப்பின் விளைவாக 1891-இல் இசைவு வயதுச் சட்டம் வந்து, வரம்பு பன்னிரண்டாக உயர்ந்தது. அதையும் பால கங்காதர திலகர் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தனர். அந்நிய அரசு வீட்டுக்குள்ளும் சமயத்துக்குள்ளும் நுழைகிறது என்பது அவர்களின் வாதம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஒரு சிறுமியின் உயிரைக் காக்க வந்த சட்டத்துக்கு எதிராகவே அந்த வாதம் வைக்கப்பட்டது என்பதையும், குடும்பம் சிதையும் என்று இன்று எழும் குரல் அதே வாதத்தின் தொடர்ச்சி என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன்பின் வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 1928-இல் அமைக்கப்பட்ட ஜோஷி குழு, சென்னை மாகாணத்தின் ஏ. இராமசாமி முதலியாரையும் உறுப்பினராகக் கொண்டு நாடெங்கும் சாட்சியம் திரட்டியது. பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவியோடு கணவன் கொள்ளும் உறவைத் தண்டிக்கலாம், ஆனால் அதற்கு வல்லுறவு என்று பெயரிடாமல் மணவாழ்க்கை நெறிகேடு என்று வேறு பெயரிடலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. பிற்காலத்தில் சட்டத்திலேயே பதினைந்து என்ற வரம்பு இடம்பெற்று, 2013-இல் இசைவு வயது பதினெட்டாக உயர்ந்த பிறகும், திருமணத்துக்குள் மட்டும் அது பதினைந்தாகவே நின்றது. பதினைந்து முதல் பதினெட்டு வரையிலான சிறுமிகளைப் பாதுகாப்பின்றி விட்ட இந்த இடைவெளியை, இன்டிபென்டன்ட் தாட் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 அக்டோபர் 11 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு நீக்கியது. வயதுவந்த மனைவியரைப் பற்றிய கேள்வியை அத்தீர்ப்பு வேண்டுமென்றே தொடாமல் விட்டது. ஆக, 157 ஆண்டுகளில் நகர்ந்ததெல்லாம் வயது வரம்பு மட்டுமே; மனைவியின் இசைவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்னும் அடிப்படை நகரவே இல்லை.

படுக்கையறைக்குள் சட்டம் நுழையலாகாது என்பது விதிவிலக்கைக் காப்போர் அடிக்கடி எடுத்துரைக்கும் வாதம். சட்டம் அங்கே நெடுங்காலமாகவே இருந்துவருகிறது என்பதே உண்மை. பதினொரு வயதில் மணம் செய்விக்கப்பட்டுக் கணவனோடு ஒருநாளும் வாழாத ருக்மாபாய்மீது, தாம்பத்திய உரிமையை மீட்டுத் தருமாறு அக்கணவன் 1884-இல் பம்பாயில் வழக்குத் தொடுத்தான். நீதிபதி பின்ஹி அதனைத் தள்ளுபடி செய்தார். ஆனால் மேல்முறையீட்டுக்குப் பின், 1887-இல், கணவன் வீட்டுக்குச் செல்ல வேண்டும், மறுத்தால் ஆறு மாதம் சிறை என்று உத்தரவாயிற்று. சிறைக்குப் போகச் சித்தமாக இருப்பதாக அறிவித்த ருக்மாபாய், பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்ததும் லண்டனில் மருத்துவம் பயின்று நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். தாம்பத்திய உரிமை மீட்பு என்ற அந்த ஏற்பாட்டை இங்கிலாந்து 1970-இல் கைவிட்டது. இந்தியாவிலோ 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவாக அது இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ்த் திரையுலகும் நன்கறிந்த நடிகை சரிதாவின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி 1983-இல் அப்பிரிவு செல்லாது என்று அறிவித்தார். நீதிமன்றக் கட்டளையின் துணையோடு ஒரு பெண்ணின் உடலை இன்னொருவர் விருப்பத்துக்கு உட்படுத்துவது அவளுடைய மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் எதிரானது என்பது அவர் கண்ட முடிவு. அடுத்த ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு மாறான முடிவை எடுத்துப் பிரிவைக் காப்பாற்றியது.

ஆண்மையின்மையால் உறவு நிகழவில்லை என்றால் திருமணத்தையே செல்லாததாக்க இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழிசெய்கிறது. தக்க காரணமின்றி நெடுங்காலம் உறவை மறுப்பது மனக்கொடுமையாகலாம், அதனால் மணமுறிவு கோரலாம் என்று 2007-இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவை அனைத்திலும் நீதிமன்றம் படுக்கையறைச் செய்திகளைக் கேட்கிறது, சாட்சியம் பெறுகிறது, முடிவுரைக்கிறது. உறவு மறுக்கப்பட்ட கணவனுக்குச் சட்டம் காட்டும் பரிகாரம் மணமுறிவு என்பது இவற்றிலிருந்து தெளிவாகிறது. வலிந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை எந்தக் குடும்பச் சட்டமும் அவனுக்கு வழங்கவில்லை. குற்றவியல் சட்டத்தின் ஒரு விதிவிலக்கு மட்டுமே அதனை மறைமுகமாக வழங்குகிறது.

திருமணமே திரும்பப் பெற இயலாத இசைவு என்னும் ஹேலின் எண்ணத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் ஆதரவு கிடைக்காது. சுயமரியாதை இயக்கத்தார் பல்லாண்டுகள் போராடியதன் பயனாக 1967-இல் நிறைவேறிய திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் நிறைவுறும் என்று அது கூறுகிறது. உறவினர் நண்பர் முன்னிலையில் சொல்லப்படும் அந்த அறிவிப்பில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்கிறார்கள்; தன் உடல்மீது தனக்குள்ள உரிமையை என்றென்றைக்கும் துறப்பதாக எவரும் அதில் சொல்வதில்லை.

2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களுள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 82 விழுக்காட்டினர் அதைச் செய்தவராகத் தற்போதைய கணவனையே குறிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதே வயதினருள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகக் கூறியிருக்கிறார்கள். கல்வியிலும் மகப்பேற்று மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் என்ற பெருமையோடு சேர்த்து வாசிக்க வேண்டிய எண் இது. வன்முறைக்கு உள்ளான இந்தியப் பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் உதவி நாடியதில்லை, எவரிடமும் சொன்னதும் இல்லை.

சொல்லத் துணியும் பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்த்தால் சட்டத்தின் முரண் புலப்படும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் மாவட்ட அமைப்போடு இணைந்தவர் அவர். புகாரோடு வரும் பெண்ணிடம் கேட்டு அவர் நிரப்பும் படிவத்துக்குக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். அந்தப் படிவத்தில் பாலியல் வன்முறை என்ற தலைப்பின்கீழ் அச்சிடப்பட்ட முதல் இனமே வலுக்கட்டாயமான உடலுறவு. ஆபாசப் படங்களைப் பார்க்கக் கட்டாயப்படுத்துதல், பிறரை மகிழ்விக்கும்படி வற்புறுத்துதல் ஆகியவை அதைத் தொடர்கின்றன. பொருந்துவதைக் குறித்து, நடந்த நாளையும் இடத்தையும் எழுதி, அலுவலர் கையொப்பமிட்டு நீதித்துறை நடுவருக்கு அனுப்புகிறார். கணவன் மனைவியோடு வலிந்து உறவுகொள்கிறான் என்பதை இந்திய அரசு அறியும். அதற்கெனத் தன் படிவத்தில் ஓர் இடமே ஒதுக்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதை நிரப்பி வாங்கி வைத்திருக்கிறது.

அதே பெண் அதே செய்தியோடு மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்றால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் முதலாவதாக 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையம், குடும்பத்துக்குள் அல்லலுறும் பெண்கள் தயக்கமின்றிப் பேசுவதற்கென்றே உருவான அமைப்பு. ஆயினும் அங்கே இருக்கும் பெண் ஆய்வாளர் எவ்வளவு பரிவுடையவராக இருந்தாலும், இச்செய்திக்கென்று எழுதுவதற்கு அவரிடம் சட்டப் பிரிவு இல்லை. மனு பெறப்படும், பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரப்படும், கணவன் அழைக்கப்படுவான், இரு வீட்டாரும் வருவார்கள், புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று பெரியவர்கள் சமாதானம் பேசுவார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு அவள் அதே வீட்டுக்கு அனுப்பப்படுவாள். வழக்குப் பதிவானாலும் கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவின்கீழ், அதிகபட்சம் மூன்றாண்டுத் தண்டனைக்குரிய குற்றமாகவே அது பதிவாகும். வரதட்சிணைக்கும் அடிதடிக்கும் பழகிய அப்பிரிவுக்குள் பாலியல் வன்முறை பல வேளைகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது, அல்லது எழுதப்படாமலே போய்விடுகிறது.

குற்றத்துக்குரிய பெயர் மறுக்கப்படும்போது அப்பெயரோடு இணைந்த பாதுகாப்புகளும் கைநழுவுகின்றன என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்கத் தக்கது. வல்லுறவுக்கு ஆளான பெண்ணைத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அவளுடைய இசைவோடு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா விதிக்கிறது; அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அவளுக்கு உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டும், மறுத்தால் பொறுப்பாளருக்குத் தண்டனை உண்டு. வழக்கு மூடிய அறையில் விசாரிக்கப்படும். அவளை அடையாளம் காட்டும் செய்தியை வெளியிடுவது குற்றம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்த திட்டத்தின்படி 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ரூபாய் வரை அரசு இழப்பீடு வழங்கலாம். இவையனைத்தும் வல்லுறவுக் குற்றப் பிரிவுகளோடு கட்டப்பட்டவை. கணவனால் அதே கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு, கொடுமை வழக்கில் அடையாள மறைப்பு தானாகக் கிடைப்பதில்லை. உடலில் சான்று இருக்கும் முதல் நாட்களில் பரிசோதனைக்கு அவளை அனுப்ப எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் இழப்பீடு உண்டென்றாலும் அது அந்தக் கணவனிடமிருந்தே பெற வேண்டிய ஒன்று.

கருக்கலைப்புச் சட்டத்தில் மட்டும் இந்த முரண் ஒருவாறு தீர்க்கப்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, 24 வாரம் வரை கருக்கலைப்புக்குத் தகுதியுடையோர் பட்டியலில் உள்ள வல்லுறவு என்ற சொல் கணவன் இழைக்கும் வல்லுறவையும் உள்ளடக்கும் என்றும், அதற்காக அப்பெண் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய வேண்டியதில்லை என்றும் கூறியது. ஆகவே மருத்துவரின் அறையில் வல்லுறவாக ஏற்கப்படும் அதே செயல், குற்றவியல் நீதிமன்றத்தில் வல்லுறவாக ஏற்கப்படுவதில்லை.

இதன் மிகக் கொடிய விளைவு சத்தீஸ்கரில் வெளிப்பட்டது. 2017-இல் கணவன் வலிந்து இழைத்த இயற்கைக்கு மாறான பாலியல் செயலால் உள்ளுறுப்புகள் சிதைந்து ஒரு பெண் மருத்துவமனையில் இறந்தார். இறக்குமுன் நடுவரிடம் மரண வாக்குமூலமும் அளித்திருந்தார். விசாரணை நீதிமன்றம் கணவனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 2025 பிப்ரவரியில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் அவனை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. 2013-இல் வல்லுறவின் இலக்கணம் விரிவாக்கப்பட்டபோது அத்தகைய செயல்களும் அதற்குள் வந்துவிட்டன, வல்லுறவு என்று வந்துவிட்டால் கணவனுக்கு விதிவிலக்கு உண்டு, எனவே மனைவியின் இசைவு பொருட்டே அன்று என்பது அந்த விடுதலைக்கு அடிப்படையான வாதம். பெண்களைக் காப்பதற்காக விரிந்த இலக்கணம், விதிவிலக்கு நீடித்ததால், கணவனைக் காக்கும் இலக்கணமாகவும் விரிந்துவிட்டது. ஃபூல்மணியின் கணவனுக்கு 1890-இல் கிடைத்த ஓராண்டுத் தண்டனைகூட, 135 ஆண்டுகளுக்குப் பின் இந்தப் பெண்ணின் சாவுக்குக் கிடைக்கவில்லை.

சீர்திருத்தத்துக்கான பரிந்துரைகள் வராமல் இல்லை. சட்ட ஆணையத்தின் 172-ஆம் அறிக்கை 2000-இல் விதிவிலக்கை நீக்க மறுத்து, அது மணவுறவில் அளவுக்கு மீறிய தலையீடாகும் என்றது. டெல்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழுவோ ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23 அன்று அளித்த அறிக்கையில், விதிவிலக்கை நீக்க வேண்டும், கணவன் என்ற உறவு குற்றத்துக்கு மறுப்பாகவும் ஆகக்கூடாது, தண்டனையைக் குறைக்கும் காரணமாகவும் ஆகக்கூடாது என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. நாடாளுமன்றம் அக்குழுவின் பல பரிந்துரைகளை ஏற்றாலும், இதை ஒதுக்கியது. குடும்ப அமைப்பே பெரும் நெருக்கடிக்கு உள்ளாகும் என்று உள்துறைக்கான நிலைக்குழு காரணம் கூறியது. 2023-இல் தண்டனைச் சட்டம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டபோது கிடைத்த வாய்ப்பும் நழுவவிடப்பட்டது. காலனியச் சட்டத்தின் சுவடுகளைத் துடைப்பதே நோக்கம் என்று அறிவித்து வந்த புதிய சட்டம், மேத்யூ ஹேலின் வாக்கியத்தை வயது வரம்பை மட்டும் மாற்றித் தொடர்ந்து ஏந்தி நிற்கிறது.

நீதிமன்றங்களின் போக்கு ஒரு சீராக இல்லை. மனைவியின் உடலைத் தன் உடைமையாகக் கருதி அவளுடைய விருப்பத்துக்கு மாறாக உறவுகொள்வது மணமுறிவுக்குப் போதிய கொடுமை என்று 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி எம். நாகபிரசன்னா ஒரு கணவன்மீதான வல்லுறவுக் குற்றச்சாட்டை நீக்க மறுத்தார். கர்நாடக அரசும் அந்நிலைப்பாட்டை ஆதரித்து உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அவ்வாண்டு மே 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு முடிவுக்கு வந்தனர். விதிவிலக்கு சமத்துவத்தையும் கண்ணியத்தையும் மீறுவதால் செல்லாது என்றார் நீதிபதி ராஜீவ் ஷக்தர். திருமணத்தில் உறவுக்கான நியாயமான எதிர்பார்ப்பு இருப்பதால் கணவனை அயலானிலிருந்து வேறுபடுத்துவதில் தவறில்லை என்றார் நீதிபதி சி. ஹரி சங்கர். இரண்டாவது கருத்தின் குறை, எதிர்பார்ப்பையும் உரிமையையும் ஒன்றாக எண்ணுவதில் இருக்கிறது. அன்பையும் துணையையும் எதிர்பார்ப்பது மணவாழ்வின் இயல்பே. எதிர்பார்ப்பு நிறைவேறாதபோது வன்முறையில் இறங்க அது எவருக்கும் உரிமம் ஆகாது. வழக்குகள் யாவும் உச்ச நீதிமன்றம் சென்றன. விதிவிலக்கை நீக்குவது அளவுக்கு மீறிக் கடுமையானது என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் அளித்தது. அம்மாதம் தொடங்கிய விசாரணை, தலைமை நீதிபதி சந்திரசூட்டின் ஓய்வு நெருங்கியதால் முடிவுறாமல் வேறு அமர்வுக்கு விடப்பட்டது.

ஹேலின் நாடான இங்கிலாந்து, 1991 அக்டோபரில் பிரபுக்கள் அவை வழங்கிய தீர்ப்பின் மூலம் அவருடைய கோட்பாட்டைக் கைவிட்டது. நேபாள உச்ச நீதிமன்றம் 2002-இல் அதை நிராகரித்தது. இலங்கையில், 1995-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 363-ஆம் பிரிவு, நீதிமன்றக் கட்டளையால் பிரிந்து வாழும் மனைவியை மட்டுமே காக்கிறது. வீட்டை விட்டு வந்து தாய்வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணுக்குக் கூட, கட்டளை கையில் இல்லையெனில், அங்கே சட்டத்தின் துணை இல்லை. இவ்வகையில் இந்தியச் சட்டம் ஓர் அடி முன்னே நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 67-ஆம் பிரிவு, கட்டளையால் பிரிந்திருந்தாலும் வேறெவ்வாறு பிரிந்திருந்தாலும், மனைவியோடு வலிந்து உறவுகொள்ளும் கணவனுக்கு இரண்டு முதல் ஏழாண்டு வரை தண்டனை விதிக்கிறது.

இந்த 67-ஆம் பிரிவு மற்றொரு வாதத்துக்கும் விடையளிக்கிறது. மூடிய அறையில் நடந்ததை எவ்வாறு மெய்ப்பிப்பது, பொய்வழக்குகள் பெருகாவா என்ற அச்சம் பரவலாக உண்டு. நேர்மையாக அஞ்சுவோரும் அவர்களுள் இருக்கிறார்கள், அவர்களுக்கு விடை சொல்லப்பட வேண்டும். பிரிந்து வாழும் மனைவியின் வழக்கிலும் அதே இருவர்தாம், அதே மூடிய அறைதான். அங்கே இசைவு இருந்ததா என்று ஆராய நீதிமன்றத்தால் இயலும் என்று நாடாளுமன்றமே நம்பியிருக்கிறது. ஒரே வீட்டில் வாழ்வது சான்றுகளை ஆராய்வதைக் கடினமாக்கலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்கிவிடாது. வல்லுறவு வழக்குகளில் பெரும்பாலானவை பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர்கள்மீது தொடுக்கப்படுபவை. அவற்றில் பயன்படும் அதே சான்று விதிகள் இங்கும் போதும். தவிர, தொழிலும் வருவாயும் குழந்தைகளின் எதிர்காலமும் எந்த மனிதனைச் சார்ந்திருக்கின்றனவோ அவன்மீது பொய்யாகப் புகார் எழுதி, அந்தரங்கத்தை நீதிமன்றத்தில் விரித்துரைக்க விரைந்து முன்வரும் பெண்கள் ஏராளம் என்ற எண்ணத்துக்கு, 77 விழுக்காட்டினர் வாய் திறப்பதே இல்லை என்ற ஆய்வு முடிவு இடம் தரவில்லை.

தண்டனையின் அளவு பற்றிய தயக்கம் இதைவிட ஆழமானது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. கணவன் சிறை சென்றால் அடுப்பெரியாத வீடுகளில், பத்தாண்டு என்ற எண்ணே பெண்ணை வாய்மூடச் செய்துவிடும் என்று பெண்கள் அமைப்புகளோடு இயங்குவோரிலும் சிலர் அஞ்சுகிறார்கள். கணவன் என்பதற்காகத் தண்டனையைக் குறைப்பது அதற்குத் தீர்வாகாது. உறவைக் காட்டிச் சலுகை தருவது ஒழிக்க முயலும் விதிவிலக்கையே வேறு வடிவில் நிலைநிறுத்துவதாகும். அவள் வாய்மூடுவது தண்டனையின் நீளத்தால் அன்று, தனக்கு இருப்பிடமும் வருவாயும் இல்லாததால் என்பதை உணர்ந்தால், தீர்வு பாதுகாப்பின் பக்கம் இருப்பது தெரியும். குடும்ப வன்முறைச் சட்டம் அதற்கான கருவிகளை ஏற்கெனவே வைத்திருக்கிறது. கணவனை வீட்டிலிருந்து வெளியேற்றும் குடியிருப்பு ஆணை, அணுகாதிருக்கச் செய்யும் பாதுகாப்பு ஆணை, பண உதவி, குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றை நடுவர் வழங்கலாம், அவசரமெனில் எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்காலமாக வழங்கலாம். முதல் விசாரணை மூன்று நாட்களுக்குள்ளும் முடிவு 60 நாட்களுக்குள்ளும் என்பது சட்டம் வைத்த இலக்கு. மாதங்கள் ஆண்டுகளாக நீள்வதே நடைமுறை. பல இடங்களில் பாதுகாப்பு அலுவலருக்கு வேறு திட்டங்களின் சுமையும் உண்டு; அவருக்கென்று ஒரு வண்டியோ எழுத்தரோ இருப்பதில்லை.

எனவே விதிவிலக்கை நீதிமன்றம் நீக்கினாலும் நாடாளுமன்றம் நீக்கினாலும், அதனோடு சேர்த்துச் சில ஏற்பாடுகள் எழுதப்பட வேண்டும். புகார் பதிவான அன்றே இடைக்காலக் குடியிருப்பு ஆணையும் அணுகாத் தடையும் கிடைக்கும்படி குற்றவழக்கும் குடும்ப வன்முறை மனுவும் ஒரே நடுவரிடம் இணைக்கப்பட வேண்டும். குற்றவழக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணுக்கும் உரிமையியல் பாதுகாப்பு குறைவின்றிக் கிடைக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழக்குப் பதிவு முன்நிபந்தனையாகக் கூடாது. கணவனின் ஊதியம் நின்றுபோகும் குடும்பத்துக்கு அரசு இடைக்கால உதவி வழங்க வேண்டும். பாலியல் வன்முறை குறித்த புகாரில் காவல் நிலையச் சமாதானப் பேச்சு விலக்கப்பட வேண்டும். வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுவதை மகளிர் காவல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் எழுதி வைப்பதோடு நில்லாமல், வழக்கறிஞர் ஒருவர் நேரில் இருக்கும் ஏற்பாடாக அது மாற வேண்டும்.

இவற்றுள் சில, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. மாநில அரசு தன் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர்கள் நிரப்பிய குடும்ப நிகழ்வு அறிக்கைகளில், வலுக்கட்டாயமான உடலுறவு என்ற இனம் எத்தனை பெண்களுக்குக் குறிக்கப்பட்டது, அவர்களுள் எத்தனை பேருக்கு எத்தனை நாளில் பாதுகாப்பு ஆணை கிடைத்தது என்பதை, எவருடைய அடையாளமும் வெளிப்படாமல், ஆண்டுதோறும் வெளியிடலாம். கணவனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகி வரும் பெண்ணுக்கும் அதே பரிசோதனை, அதே சிகிச்சை, அதே மனநல உதவி வழங்கப்பட வேண்டும் என்று சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். 181 உதவி எண்ணில் பேசும் பெண்ணை நேரே பாதுகாப்பு அலுவலரோடு இணைத்து, மனு நடுவரிடம் சேரும்வரை அழைப்பை முடிக்காமல் கண்காணிக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, அரசாணை ஒன்றே போதும்.